வயதானவர்கள் கையில் திறன்பேசி: கொடுக்கலாமா?

09-04-2025 | கேள்வி

சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு 68 வயது. பட்டன் செல் ஒன்றை வைத்துக்கொண்டு, வருகிற அழைப்பை எடுத்துப் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறார். அவருக்குத் திறன்பேசி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று என் கணவர் சொல்கிறார். பட்டன் செல் இருக்கும்வரை பணம் பறிபோகாது, கண் கெடாது, கண்ட செய்தியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். திறன்பேசியால் உலகத்துக்கு நன்மையா தீமையா என்று நான் கேட்கவில்லை. இவரைப் போன்ற ஒருவருக்கு எது அதிகம்? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

10-04-2025

வாங்கிக் கொடுங்கள் என்பதுதான் என் பதில்.

1985 முதல் 2021 வரை வேலூரிலும் கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களிலும் தபால்காரராக வேலை பார்த்தேன். அந்தக் காலத்தில் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது பாதி வேலைதான்; திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டுவது மீதி வேலை. மகன் கடன் பட்ட செய்தியும், மருமகளுக்குக் கரு கலைந்த செய்தியும், தாயிடம் மட்டும் சொல்ல வேண்டிய வேறு எத்தனையோ செய்திகளும் என் வாய் வழியாகவே அந்த வீடுகளுக்குள் போயின. கேட்டுக்கொண்டிருந்த தாய்மார்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள், அழுகை வந்ததாலா, அந்நியன் ஒருவன் முன்னால் அது தெரிந்துவிட்டதாலா என்று எனக்கு விளங்கியதே இல்லை. இன்று அதே தாய் மகனோடு நேராகப் பேசுகிறாள், இடையில் நான் இல்லை. இந்த ஒன்றுக்காகவே நான் கைப்பேசியின் பக்கம் நிற்பேன்.

இன்னொன்று, போன மாதம் நடந்தது. தோட்டப்பாளையத்தில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் நின்றிருந்தேன். வேலூர்க்காரர்களுக்குத் தெரியும், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிற நோயாளிகளால்தான் அந்தத் தெருவில் பாதிக் கடைகள் நடக்கின்றன. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் அருகில் வந்து, திறன்பேசியை வாயருகே வைத்து அவருடைய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு, அதை என் காதுக்கு நேராக நீட்டினார். "என் தாய் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், உப்பு இல்லாமல் எங்கே கிடைக்கும்" என்று ஒரு பெண் குரல் தமிழில் சொன்னது. நான் அதே கருவியில் வழி சொன்னேன். பாதி வழியிலேயே அவர் தடுமாறுவதைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்துபோய், எனக்குத் தெரிந்த மெஸ்ஸில் சொல்லிக் கஞ்சி வாங்கிக் கொடுத்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் இப்படி வந்தவர்கள் விடுதி வாசலில் நின்று கையை வயிற்றில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

11-04-2025

கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நேற்று விட்டுவிட்டேன். எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதற்கும், மொழியைத் தமிழுக்கு மாற்றுவதற்கும் அமைப்புகளில் இடம் இருக்கிறது. வாங்கிக் கொடுப்பவர்கள் முதல் நாளே அந்த இரண்டையும் செய்துவிட வேண்டும்.

16-04-2025

டோல்கேட் உழவர் சந்தையில் இன்று பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எழுபது வயதைத் தாண்டிய கீரைக்காரம்மா ஒருவரிடம் வழக்கமாக வாங்குவேன். முப்பது ரூபாய்க்கு முருங்கைக்கீரையும் சிறுகீரையும் எடுத்துக்கொண்டு, அவர் எதிரே சாய்த்து வைத்திருந்த க்யூ.ஆர். அட்டைக்கு நேராகத் திறன்பேசியை நீட்டினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "சில்லறையாக இருந்தால் கொடு சாமி" என்றார். அட்டையில் இருந்தது அவருடைய பெயர் இல்லை, மருமகனுடைய பெயர். காலையிலிருந்து விற்கிற கீரைக்கு எவ்வளவு சேர்ந்தது என்று அவருக்குத் தெரியாது. சாயங்காலம் மருமகன் கொடுப்பதை வாங்கிக்கொள்கிறார், கொடுக்காத நாளில் கேட்பதில்லை.

திறன்பேசி வழியாகப் பணம் அனுப்புகிற யு.பி.ஐ. முறை 2016இல் வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அந்தக் கோடிகளில் இந்த அம்மாவின் முப்பது ரூபாயும் இருக்கிறது, ஆனால் அவருடைய சுருக்குப்பையில் இல்லை. முன்பு முதியோர் உதவித்தொகை மணியார்டரில் வந்த காலத்தில், பணத்தை அவரவர் கையில்தான் எண்ணிக் கொடுப்பேன். மகன் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். கிழவி ஒருமுறை எண்ணி, சந்தேகத்துக்கு மறுபடியும் எண்ணி, அப்புறம்தான் பெருவிரல் ரேகை வைப்பார்.

ஆகவே என் முதல் பதிலில் ஒரு திருத்தம். வாங்கிக் கொடுங்கள், ஆனால் சிம்மும் வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

24-04-2025

முதல் பதிலை முழுவதுமாகத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டிய நிலைமையில் இருக்கிறேன்.

என் அக்காள் கம்மவான்பேட்டையில் இருக்கிறார். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போவதால் ராணுவப்பேட்டை என்று சொல்வார்களே, அதே ஊர்தான். அத்தானும் பட்டாளத்தில் இருந்தவர், இப்போது உயிரோடு இல்லை. அவருடைய குடும்ப ஓய்வூதியத்தில்தான் அக்காள் காலம் தள்ளுகிறார்.

நேற்று முன்தினம் காலை பதினோரு மணிக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. நல்ல தமிழ், மரியாதையான குரல். "அம்மா, உங்கள் மகளிர் உரிமைத் தொகை இந்த மாதத்தோடு நின்றுபோகும், ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது" என்று சொல்லி, வங்கி அட்டையின் முன்பக்கத்தில் உள்ள பதினாறு எண்களையும் பின்பக்கத்தில் உள்ள மூன்று எண்களையும் கேட்டு வாங்கியிருக்கிறான். பிறகு ஓர் ஆறு இலக்க எண் வரும் என்று சொல்லியிருக்கிறான், வந்தது. அக்காள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக நிதானமாகப் படித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது முறையும் வந்தது, மூன்றாவது முறையும் வந்தது. 9,500, 5,000, 4,000. மொத்தம் 18,500 ரூபாய் போய்விட்டது.

என்னிடம் சொன்னது மாலை ஆறரை மணிக்கு. அதுவரை, பால் காய்ச்சுவதும் வாசல் பெருக்குவதுமாக, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சகோதரி, நீங்கள் பயந்தது சரி. எழுத்துத் தெரியாதவர்கள் கையில் இந்தக் கருவியே வேண்டாம்.

25-04-2025

என்ன செய்தீர்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பயன்படக்கூடியதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். நாடு முழுவதற்கும் இணையவழிப் பண மோசடியைப் புகார் செய்யும் எண் அது. பணம் திருடனின் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கும், அங்கிருந்து வேறொன்றுக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும், அது எந்தக் கணக்கில் இன்னும் மிச்சமிருக்கிறதோ அங்கே நிறுத்திவைப்பார்கள். அதனால் முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். நாங்கள் அழைத்தபோது ஏறக்குறைய எட்டு மணி நேரம் கழிந்திருந்தது. கடைசியாகப் போன 4,000 மட்டும் நிறுத்தப்பட்டிருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது.

இரண்டாவது, வங்கிக்கு உடனே தெரிவிப்பது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம்வரை ஏற்பட்ட இழப்பு அவரைச் சேர்ந்தது. தெரிவித்த பிறகு போகிற பணம் வங்கியின் பொறுப்பு. "நாளைக்குக் கிளையில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்" என்று இரவைக் கடத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

28-04-2025

இந்தக் குறிப்பில் இரண்டு தவறுகளை ஒப்புக்கொள்கிறேன்.

அக்காளுக்கு எழுத்துத் தெரியாது என்று 24ஆம் தேதி எழுதியதை அவருடைய மருமகள் படித்துக் காட்டிவிட்டாள். "அவர் பட்டாளத்திலிருந்து போட்ட கடிதத்தையெல்லாம் யார் படித்தது தம்பி, நீயா படித்தாய்?" என்று கேட்டார். உண்மைதான். அந்த வீட்டில் மட்டும் நான் கடிதம் படித்ததே இல்லை. அக்காள் எட்டாம் வகுப்புவரை படித்தவர், இன்றும் தினத்தாளை ஒரு வரி விடாமல் படிக்கிறார். அவருக்குத் தெரியாதது ஆங்கிலம். அந்த ஆறு இலக்க எண் வந்த செய்தியில், இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும், இத்தனை ரூபாய் எடுக்கப்படுகிறது என்பதும் தெளிவாகவே இருந்தன. அத்தனையும் ஆங்கிலத்தில் இருந்தன. எண்கள் மட்டும்தான் அவருக்குப் புரிகிற எழுத்து, அவற்றை அவர் பிழையில்லாமல் படித்தார்.

இரண்டாவது தவறு பெரியது. அக்காளிடம் இருப்பது திறன்பேசி இல்லை. பட்டன் செல். ஆத்திரத்தில் அதை நான் யோசிக்கவே இல்லை. வங்கிக் கணக்கோடு இணைத்த எண் எந்தக் கருவியில் இருந்தாலும் ஓ.டி.பி. என்கிற அந்த ஆறு இலக்க எண் அங்கே வந்துவிடும். திருடனுக்குத் தேவைப்பட்டது ஒரு குரலும் ஒரு நம்பிக்கையும்தான். ஆகவே, பட்டன் செல் இருக்கும்வரை பணம் பறிபோகாது என்று நீங்கள் நினைத்ததும், அதை ஆமோதித்து நான் எழுதியதும் தவறு.

28-04-2025, இரவு

காலையில் எழுதாமல் விட்டதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அக்காளைக் கேட்டேன். "எண் வந்தால் சொல்லு அக்கா என்று நீதானே கேட்பாய்" என்றார்.

2018இல் தபால்காரர்கள் வீட்டு வாசலிலேயே வங்கிச் சேவை செய்யத் தொடங்கியபோது எங்களுக்கும் ஒரு திறன்பேசியும் விரல்ரேகைக் கருவியும் வந்தன. கணக்குத் தொடங்க வேண்டுமானால் அவர்களுடைய செல்லுக்கு ஓர் எண் வரும், அதைக் கேட்டு நான் பதிவு செய்ய வேண்டும். மூன்று வருடம் கணியம்பாடியிலிருந்து அமிர்தி சாலை வரைக்கும் எத்தனையோ வாசல்களில் உட்கார்ந்து, "எண் வந்திருக்கும் பாரம்மா, சொல்லு" என்று கேட்டிருக்கிறேன். பேருந்து ஏறி நகரத்துக்கு வர முடியாதவர்களுக்குப் பணம் வாசலில் கிடைத்தது, அது நல்ல வேலை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் இந்த எண்ணை முகம் தெரிந்த ஆளிடம், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு வாசலில்கூட நான் சொன்னதில்லை. மரியாதையாகக் கேட்டால் சொல்லலாம் என்று அவர்களைப் பழக்கியவன் நான். திருடன் என் வார்த்தைகளையே பேசியிருக்கிறான்.

03-05-2025

கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பற்றியும் எழுதுங்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. என் பேத்திக்குச் செல்லைக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறார்கள். நிறுத்தச் சொன்ன முதல் நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் காக்கையைக் காட்டி ஊட்டினோம், சாப்பிட்டாள்.

11-05-2025

இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்த இந்த ஒரு வாரம் யாருக்கும் மறக்காது. அக்காளின் மகன் ஜம்மு பக்கத்தில் பணியில் இருக்கிறான். 7ஆம் தேதியிலிருந்து நேற்றுச் சண்டை நிறுத்தம் வரும்வரை அவனிடமிருந்து ஓர் அழைப்பும் இல்லை.

8ஆம் தேதி அக்காள் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் திறன்பேசியைக் கொண்டுவந்து ஒரு காட்சியைக் காட்டினான். ஒரு துறைமுகம் வெடித்து, புகை குடைபோல மேலே விரிந்தது. நம் நாட்டின் மீது ஏவுகணை விழுந்துவிட்டது என்று கீழே எழுதியிருந்தது. அக்காள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது 2020இல் லெபனானின் பெய்ரூட்டில் நடந்த வெடிவிபத்து என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்துச் சொன்னதை நான் தேடி எடுத்துப் படித்துக் காட்டுவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகும் அவர் முகம் தெளியவில்லை. கண்ணால் பார்த்ததைக் காதால் கேட்டு எப்படி அழிப்பது? நீங்கள் கேள்வியிலேயே சொன்ன தீமைகளில் இதுதான் உண்மையான தீமை என்று இப்போது தோன்றுகிறது. பணம் போனபோதுகூட அக்காள் இப்படி உட்காரவில்லை.

1999இல் கார்கில் சண்டையின்போது இந்த ஊருக்கு நான்தான் தபால்காரர். 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக முகவரி போட்ட இன்லண்டு கடிதத்துக்காக, என் சைக்கிள் திரும்புகிற முனையிலேயே பெண்கள் நிற்பார்கள். கடிதம் வந்து சேரும்போது அது பல நாள் பழைய செய்தி, "நலம்" என்று எழுதியவன் இன்று நலமா என்று அதிலிருந்து தெரியாது. ஆனாலும் அந்தக் கடிதத்தில் இருந்தது மகனுடைய கையெழுத்து. பொய்ச் செய்தி என்று ஒன்றை என் பையில் வைத்து நான் கொண்டுபோனதில்லை.

நேற்று இரவு ஒன்பதரைக்கு என் திறன்பேசியில் மருமகன் முகம் வந்தது. அக்காள் திரையைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "தாடி ஏன் விட்டிருக்கிறாய்" என்பதுதான் முதலில் கேட்டது. நான்கு நிமிடம் பேசினான். அந்த நான்கு நிமிடத்துக்கும், 8ஆம் தேதி பார்த்த அந்தப் புகைக்கும் நடுவில் தராசு பிடிக்க என்னால் முடியவில்லை.

17-05-2025

அக்காளுக்குத் திறன்பேசி வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஏன் மனம் மாறினீர்கள் என்று கேட்பவர்களுக்காக, நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, பழைய பட்டன் செல்லில் இன்னும் கிடந்த அந்த மூன்று செய்திகளில் ஒன்றைப் புதிய கருவியின் கேமராவால் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னேன். ஆங்கில எழுத்துகள் மறைந்து, அதே இடத்தில் தமிழ் எழுத்துகள் வந்தன. அக்காள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தார். தொகையைப் படித்தார். "யாருடனும் பகிர வேண்டாம்" என்ற இடத்தில் நின்று, மறுபடியும் அந்த வரியை மட்டும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதைத் தமிழில் போட்டிருந்தால் நான் ஏன் தம்பி சொல்லப்போகிறேன்" என்றார்.

உரிமைத் தொகை வாங்குகிற தாய்மார்களும் ஓய்வூதியம் வாங்குகிற பெரியவர்களும் படிக்க வேண்டிய எச்சரிக்கை அவர்கள் மொழியில் வர வேண்டும் என்று வங்கிகளை நாம் ஒவ்வொருவரும் எழுத்துமூலம் கேட்க வேண்டும். அக்காள் கணக்கு வைத்திருக்கிற கிளைக்கு நான் கடிதம் எழுதிவிட்டேன். அது நடக்கும்வரை, வயதானவர் தாமாகவே படித்துத் தெரிந்துகொள்வதற்கு என் கண்ணில் பட்ட ஒரே வழி இந்தக் கேமராதான். பட்டன் செல்லில் அதற்கு இடமில்லை.

26-05-2025

சத்துவாச்சாரி சகோதரிக்கு, என் பதிலை இப்போது முழுமையாகச் சொல்ல முடிகிறது.

வாங்கிக் கொடுங்கள். உங்கள் மாமியாரின் பெயரிலேயே சிம் இருக்கட்டும். முதல் மாதம் பண விஷயம் எதையும் அதில் ஏற்ற வேண்டாம், பேசுவதற்கும் முகம் பார்ப்பதற்கும் படிப்பதற்கும் மட்டும் இருக்கட்டும். பிறகு யு.பி.ஐ. வைப்பதானால், குறைந்த பணம் உள்ள தனிக் கணக்கு ஒன்றோடு இணையுங்கள், ஓய்வூதியமோ சேமிப்போ இருக்கிற கணக்கோடு வேண்டாம். பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் (பின்) போட வேண்டியதே இல்லை, கொடுப்பதற்கும் கணக்கில் உள்ள இருப்பைப் பார்ப்பதற்கும்தான் அது தேவை என்பதை அவரே வாயால் திருப்பிச் சொல்லும்வரை சொல்லிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் யார் வேண்டுமானாலும் அவரைக் குழுவில் சேர்க்க முடியாதபடி அமைப்பை மாற்றிவிடுங்கள். 1930ஐப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பணம் போய்விட்டால் யாரும் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அக்காள் ஏழு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தது எங்களுக்குப் பயந்துதான்.

வியாழக்கிழமை அக்காளுக்கு மறுபடியும் ஓர் அழைப்பு வந்ததாம். இந்த முறை மின்கட்டணம் பாக்கி, இரவுக்குள் இணைப்பைத் துண்டிப்போம், ஓர் எண் வரும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். "எண் வேண்டுமானால் வாசலுக்கு வந்து கேளு, என் தம்பி அப்படித்தான் வருவான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

நிறுத்திவைத்த 4,000 ரூபாய் நீதிமன்ற உத்தரவு கிடைத்த பிறகு திரும்ப வரும். அதற்கான மனுவில் கையெழுத்துப் போட, வருகிற திங்கட்கிழமை அக்காளை அழைத்துக்கொண்டு போகிறேன்.